குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகள்: கிரான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு பேக்கப், காலையில் மேனேஜர் மெயிலுக்குப் போக வேண்டிய விற்பனைக் கணக்கு, மாதம் பிறந்ததும் போகும் கட்டண நினைவூட்டல் என்று, ஆள் இல்லாமல் தானாக ஓட வேண்டிய வேலைகளை முதல்முறையாக அமைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. லினக்ஸ் கிரானை நடுவில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன், அது பிடிபட்டுவிட்டால் மற்றக் கருவிகளில் பாதி தானாகப் பிடிபட்டுவிடும். அவசரமாக வந்தவர்கள் "ஓடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்" என்ற கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள்.

கிரான் என்றால் என்ன?

யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன நிரல். நிமிடத்துக்கு ஒரு முறை தன் பட்டியலைப் பார்க்கும், அந்த நிமிடத்துக்கு உரிய வேலை ஏதாவது இருந்தால் கிளப்பிவிடும், அவ்வளவுதான். அந்தப் பட்டியலுக்குப் பெயர் கிரான்டேப். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே கிரான் இருந்தது. இன்று பல லினக்ஸ்களில் நாம் பார்ப்பது 1987இல் பால் விக்ஸி எழுதியதன் வழிவந்தது. இத்தனை வருடம் தாண்டியும் அதே ஐந்து கட்ட வரிதான், மேகச் (கிளவுட்) சேவைகள்கூட அதைத்தான் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன.

நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும் அந்த வரியை எப்படிப் படிப்பது?

இடமிருந்து வலமாக: நிமிடம் (0 முதல் 59), மணி (0 முதல் 23), தேதி (1 முதல் 31), மாதம் (1 முதல் 12), கிழமை (0 முதல் 7, இதில் 0, 7 இரண்டுமே ஞாயிறு). நட்சத்திரம் இருந்தால் அந்தக் கட்டத்தில் எதுவானாலும் சரி என்று அர்த்தம்.

`30 6 * * *` என்றால் தினமும் காலை 6:30. `0 9 * * 1-5` என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9. `0 10,17 * * 6` என்றால் சனிக்கிழமை காலை 10க்கும் மாலை 5க்கும். `*/10 * * * *` என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.

நிமிடக் கட்டத்தில் மட்டும் எப்போதும் கண் இருக்கட்டும். காலை 6 மணிக்கு ஒரு முறை ஓடட்டும் என்று நினைத்து `* 6 * * *` என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது 6:00, 6:01, 6:02 என்று 6:59 வரை 60 முறை ஓடும். வேலை என்பது வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

காலை 6 மணி என்று போட்டேன், 11:30க்குத்தான் ஓடுகிறது. என்ன கோளாறு?

கோளாறு இல்லை, உங்கள் சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். நம் நேரம் யூடிசியை விட 5:30 மணி முன்னால். அதனால் சர்வரின் 6 மணி நமக்கு 11:30. நமக்குக் காலை 6 மணிக்கு ஓட வேண்டும் என்றால் `30 0 * * *` என்று எழுத வேண்டும்.

நான் இதைப் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்த புதிதில் காய்கறி மொத்த வியாபாரி ஒருவருக்கு அதிகாலை 4 மணிக்குப் போக வேண்டிய இருப்புக் கணக்கை அமைத்தேன். அது காலை 9:30க்குப் போனது. லாரிகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு வந்து சேர்ந்த கணக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? கணக்கில் ஒரு எண்கூடத் தவறில்லை, ஆனாலும் அது அவருக்குப் பயன்படவே இல்லை. அன்றிலிருந்து எந்தச் சர்வரில் கை வைத்தாலும் முதலில் அதன் நேரத்தைத்தான் பார்க்கிறேன்.

சரி, 5:30ஐக் கழித்து எழுதிவிட்டால் முடிந்ததா என்றால், இல்லை. அந்தக் கழித்தல் நாளையும் மாற்றிவிடும். நமக்குத் திங்கள் அதிகாலை 4 மணி என்பது யூடிசியில் ஞாயிறு இரவு 10:30, ஆகவே `30 22 * * 0` என்று கிழமையையும் ஒன்று பின்னால் தள்ள வேண்டும். மாதம் 1ஆம் தேதி அதிகாலை 4 மணி இன்னும் மோசம்: அது யூடிசியில் முந்தின மாதத்தின் கடைசி நாள். அந்தக் கடைசி நாள் 28, 29, 30, 31 என்று மாதத்துக்கு மாதம் மாறுவதால் அதைச் சாதாரணக் கிரான் வரியில் எழுதவே வழியில்லை.

அதனால் முடிந்த இடத்தில் எல்லாம் கையால் கழிக்காமல் டைம்சோனையே சொல்லிவிடுங்கள். சர்வர் முழுக்க நம் ஊர் வேலைக்கு மட்டும்தான் என்றால் சர்வரின் டைம்சோனையே ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிவிடலாம் (மாற்றியதும் கிரான் சேவையை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே இருக்கும்). அமேசான் மேகச் சேவையின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர், பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் கிரான்ஜாப் போன்றவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக டைம்சோன் கொடுக்க இடம் இருக்கிறது. என்8என் என்ற தானியக்கக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் சொந்தச் சர்வரில் நிறுவும்போது டைம்சோனைத் தொடாமல் விட்டால் அது நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும், அதையும் கவனியுங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளரின் நேரத்துக்கு ஓட வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டி எழுதிவிட்டால் போதாதா?

போதாது. நியூயார்க்கின் காலை 9 மணி கோடையில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் இரவு 7:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3க்குத் தாவும், நவம்பர் முதல் ஞாயிறு 2 மணியிலிருந்து 1க்குத் திரும்பும். அப்படியானால் மார்ச் மாதத்தின் அந்த ஒரு நாளில் 2:30 என்ற நேரமே கிடையாது, நவம்பரின் அந்த நாளில் 1:30 இரண்டு முறை வரும். சில கிரான்கள் இதைத் தாமாகவே சமாளிக்கும், எல்லாம் அப்படி இல்லை. அங்கே உள்ள நேரத்துக்கு ஓடும் வேலையை அதிகாலை 1 முதல் 3 வரை வைக்காமல் இருப்பதுதான் நிம்மதி.

நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று இருந்துவிடவும் முடியாது. இலங்கையின் நேரம் 1996இல் 5:30இலிருந்து 6:30க்குப் போய், அதே வருடம் 6:00 ஆகி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5:30க்கு வந்தது. அரசாங்கம் முடிவெடுத்தால் நேரம் மாறும். ஆசியா/கொழும்பு என்று பெயரைச் சொல்லியிருந்தால் டைம்சோன் தரவை அப்டேட் செய்வதோடு வேலை முடிந்தது; எண்ணைக் கூட்டி எழுதியிருந்தால் ஒவ்வொரு வரியாகத் தேடித் திருத்த வேண்டும்.

45 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட `*/45 * * * *` சரிதானே?

சரியில்லை. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைக் கிரான் இடைவெளியாக எண்ணிக்கொண்டே போவதில்லை, ஒவ்வொரு மணிக்கும் 0இலிருந்து புதிதாக எண்ணுகிறது. அதனால் 10:00, 10:45, 11:00, 11:45 என்று 45 நிமிடமும் 15 நிமிடமுமாக மாறி மாறி ஓடும். 7 போட்டாலும் இதே கதை, 56ஆம் நிமிடத்துக்குப் பிறகு நாலே நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். 60ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண் என்றால் மட்டும் கவலை இல்லை: 5, 10, 12, 15, 20, 30.

உண்மையான இடைவெளிதான் வேண்டும் என்றால் பல லினக்ஸ்களில் கூடவே வரும் சிஸ்டம்டி டைமர் அதைச் செய்யும், ஈவென்ட்பிரிட்ஜில் ரேட் என்ற வகை இருக்கிறது.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மட்டும் ஓட வைக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லோருக்கும் முதலில் தோன்றும் `0 9 1-7 * 1` வேலைக்கு ஆகாது. "1 முதல் 7 வரை உள்ள தேதி, அதுவும் திங்களாக இருக்க வேண்டும்" என்று நாம் படிக்கிறோம். கிரான் அப்படிப் படிப்பதில்லை. தேதிக் கட்டம், கிழமைக் கட்டம் இரண்டிலுமே ஏதாவது எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலே உள்ள வரி முதல் ஏழு நாளும் ஓடும், அதற்கு மேல் வரும் எல்லாத் திங்களும் ஓடும். `0 9 1-7 * *` என்று தேதியை மட்டும் விட்டுவிட்டு, ஸ்கிரிப்டின் முதல் வரியில் "இன்று திங்கள் இல்லை என்றால் வெளியேறு" என்று எழுதுங்கள்.

அமேசான் ஈவென்ட்பிரிட்ஜில் இந்தக் குழப்பம் வராது, அங்கே இரண்டில் ஒரு கட்டத்தில் `?` போட்டே ஆக வேண்டும். ஆனால் வேறு இரண்டு விஷயம் இருக்கிறது. அங்கே வருடத்தையும் சேர்த்து ஆறு கட்டம். அப்புறம் கிழமை எண் 1இல் தொடங்குகிறது, 1 என்றால் ஞாயிறு. லினக்ஸில் 1 திங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிரான் வரியை அங்கே கொண்டுபோய், கட்டங்களைச் சரிசெய்துவிட்டுக் கிழமை எண்ணை மட்டும் மாற்றாமல் விட்டால் திங்கள் வேலை ஞாயிறு ஓடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

மாதக் கடைசி நாளில் ஓட?

`0 22 28-31 * *` என்று போட்டுவிட்டு, நாளைய தேதி 1ஆக இருந்தால் மட்டும் தொடரும்படி ஸ்கிரிப்டில் சோதியுங்கள். அதைவிட, அடுத்த மாதம் 1ஆம் தேதி அதிகாலை ஓடி முந்தின மாதக் கணக்கை எடுப்பது எளிது. இரவு 10 மணிக்குப் பிறகு விழும் பில்லும் அதில் சேர்ந்துவிடும், கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் போட்டால் ஓடவில்லை. ஏன்?

எனக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். நீங்கள் லாகின் செய்து டெர்மினலைத் திறக்கும்போது உங்கள் அமைப்புகள் எல்லாம் பின்னணியில் ஏற்றப்படுகின்றன: கட்டளைகளை எங்கே தேட வேண்டும், எந்தப் பைத்தான், எந்தக் கடவுச்சொல் மாறி, எந்த மொழி அமைப்பு என்று ஒரு மூட்டை. கிரான் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அது கட்டளைகளைத் தேடும் இடங்கள் ஒன்றிரண்டுதான். நீங்கள் தனியாக நிறுவிய பைத்தானோ நோடோ அதன் கண்ணில் படாது.

இதை நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சூழல் மாறிகளை (அந்த மூட்டையில் உள்ளவற்றை) அச்சிடும் கட்டளையை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி கிரானில் போட்டு, வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் செய்யுங்கள். அதே கட்டளையை டெர்மினலிலும் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெர்மினலில் திரை நிறைய வரும், கிரானில் நாலைந்து வரிதான் வரும். ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் மறப்பதே இல்லை. (பார்த்து முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.)

ஆகவே கட்டளைக்கும் கோப்புக்கும் முழு முகவரி கொடுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே எந்த ஃபோல்டரில் வேலை செய்ய வேண்டுமோ அங்கே போய்விடுங்கள். வரியின் கடைசியில் `>>` போட்டு ஒரு லாக் (பதிவு) கோப்பின் முகவரியும், அதன் பின்னால் `2>&1` என்றும் சேருங்கள்; சாதாரண வெளியீடு, பிழைச் செய்தி இரண்டும் அதில் விழும். இதே வரிசையில்தான் எழுத வேண்டும், மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி லாகுக்கு வராது.

இன்னொன்று, சதவீதக் குறி. கிரான்டேப்பில் `%` வந்தால் கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொண்டு, கட்டளையை அந்த இடத்திலேயே வெட்டிவிடும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கிறவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள், ஏனென்றால் தேதி வடிவத்தை எழுத சதவீதக் குறிதான் வேண்டும். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு `\%` என்று எழுதினால் சரியாகும். ஸ்கிரிப்டுக்குள் எழுதினால் இந்தத் தொல்லையே கிடையாது. கிரான்டேப்பில் நீளமான கட்டளை எழுதாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது கிளம்பிவிட்டால்?

கிரானுக்கு அது தெரியவே தெரியாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் வேலை ஒருநாள் டேட்டாபேஸ் மந்தமாக இருந்து எட்டு நிமிடம் இழுத்தால், இரண்டாவது அதன் மேலேயே ஏறும். இரண்டும் சேர்ந்து டேட்டாபேஸை இன்னும் மந்தமாக்கும், மூன்றாவதும் வந்து சேரும். அரை மணி நேரத்தில் சர்வர் திணறிவிடும்.

லினக்ஸில் எஃப்லாக் என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொண்டுதான் வேலை தொடங்கும், பூட்டு ஏற்கெனவே வேறொருவரிடம் இருந்தால் காத்திருக்காமல் திரும்பிப் போகும்படி சொல்லலாம். நாமே ஒரு கோப்பை உருவாக்கி, முடிந்ததும் அழிக்கும் முறையை விட இது மேல். ஸ்கிரிப்ட் நடுவில் செத்துப்போனால்கூட பூட்டு தானாக விடுபட்டுவிடும். குபர்நெட்டிஸில் இதையே மூன்று கொள்கையாக வைத்திருக்கிறார்கள்: சேர்ந்து ஓடட்டும், புதியது வேண்டாம், பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டு. ஒன்றும் சொல்லாவிட்டால் "சேர்ந்து ஓடட்டும்"தான், அது பல நேரம் நமக்கு வேண்டாதது.

லேப்டாப் மூடியிருந்த நேரத்தில் வேலை தவறிப்போனால்?

சாதாரணக் கிரானில் போனது போனதுதான். லினக்ஸில் அனாக்ரான், அல்லது சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பு, தவறியதை அடுத்து கணினி எழுந்ததும் ஓட்டும். மேக்கில் லாஞ்ச்டி தூக்கத்தில் தவறியதை விழித்ததும் ஓட்டும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில், தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டும்படி ஒரு டிக் பெட்டி இருக்கிறது, தொடக்கத்தில் அது டிக் ஆகாமல் இருக்கும், தேடிப் போய்ப் போடுங்கள்.

ஆனால் உண்மையில் முக்கியமான வேலையை லேப்டாப்பில் வைக்காதீர்கள்.

என்னிடம் சர்வரே இல்லை. சின்ன வேலைதான், செலவில்லாமல் வழி உண்டா?

உண்டு. கூகுள் ஷீட்டைச் சுற்றிய வேலை என்றால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் நேர ட்ரிகர் அருமையான பொருள். டியூஷன் சென்டரில் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியலைத் தினமும் ஒருவருக்கு மெயில் செய்வது போன்ற வேலைக்கு இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை. இரண்டு வரம்பு மட்டும் தெரிந்திருக்கட்டும்: தினசரி ட்ரிகரில் "6 மணி" என்று குறிக்க முடியாது, "6 முதல் 7க்குள்" என்றுதான் கிடைக்கும், ஒரு ஓட்டம் 6 நிமிடத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் நிரலின் கோடு கிட்ஹப் தளத்தில் இருந்தால் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் ஷெட்யூல் போடலாம். குறைந்த இடைவெளி 5 நிமிடம், பிரதானக் கிளையில் இருக்கும் கோப்பு மட்டுமே ஓடும். நெரிசல் இருந்தால் தாமதமாகும், மணி தொடங்கும் நிமிடத்தில் நெரிசல் அதிகம், அதனால் 0ஆம் நிமிடத்தை விட்டு 17, 43 என்று எதையாவது எடுங்கள். பொதுவில் திறந்திருக்கும் ரெப்போவில் (கோடு சேமித்திருக்கும் இடம்) 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் ஷெட்யூலை அவர்களே நிறுத்திவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றுவிட்டதே என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மொத்தத்தில் இந்த இலவச வழிகள் "காலையில் எப்போதாவது ஓடினால் சரி" என்ற வேலைக்குப் பொருந்தும். சரியாக 9:15க்குப் பங்குச் சந்தை திறக்கும்போது ஏதோ செய்ய வேண்டும் என்றால் பொருந்தாது.

ஒரே வேலை தவறி இரண்டு முறை ஓடிவிட்டால் என்ன ஆகும்?

அது உங்கள் ஸ்கிரிப்டைப் பொறுத்தது. இரண்டு முறை ஓடத்தான் செய்யும் என்று எண்ணியே எழுதுங்கள். மேகச் சேவைகள் பலவும் "குறைந்தது ஒரு முறை" ஓட்டுவதாகத்தான் உறுதி தருகின்றன, சரியாக ஒரு முறை என்று அல்ல. அதுபோக, பாதியில் நின்ற வேலையை நீங்களே கையால் மறுபடி ஓட்டுவீர்கள்.

நினைவூட்டல் எஸ்எம்எஸ் என்றே வைத்துக்கொள்வோம். 400 பேரில் 230 பேருக்குப் போன பிறகு இணையம் அறுந்தது. மறுபடி ஓட்டினால் முதல் 230 பேருக்கும் இன்னொரு முறை போகும். இதைத் தவிர்க்க, ஆள், மாதம் இரண்டையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்து, யாருக்குப் போனது என்பதை அனுப்ப அனுப்பவே பதிவு செய்யுங்கள், எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக அல்ல. அனுப்பும் முன் அந்தச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எடுக்கும் வேலை என்றால் "நேற்று" என்று எழுதாமல் தேதியை வெளியிலிருந்து வாங்கும்படி எழுதுங்கள், மூன்று நாள் கழித்து ஓட்டினாலும் உரிய நாளின் கணக்கே வரும்.

எல்லா வேலையையும் நள்ளிரவு 12க்கு வைத்துவிடலாமா?

வேண்டாம். உலகமே அந்த நிமிடத்தைத்தான் எடுக்கிறது. பேக்கப்பும் ரிப்போர்ட்டும் சுத்தம் செய்யும் வேலையும் ஒரே டேட்டாபேஸை ஒரே நொடியில் முட்டும். 12:20, 1:05, 1:50 என்று பரப்புங்கள். பல சர்வரில் ஒரே வேலை என்றால் சிஸ்டம்டி டைமரில் சிறிய தற்செயல் தாமதம் சேர்க்க வழி இருக்கிறது.

ஆனால் "பேக்கப் 12:20க்கு, அது முடிந்திருக்கும், ஆகவே அப்லோடு 1:05க்கு" என்று இரண்டு வேலையை நேரத்தால் மட்டும் கோர்க்காதீர்கள். தரவு வளர வளர பேக்கப் ஒருநாள் 1:05ஐத் தாண்டும், அன்று பாதிக் கோப்புதான் அப்லோடு ஆகும். ஒன்றன் பின் ஒன்றாக நடக்க வேண்டியவை ஒரே ஸ்கிரிப்டில், முதலாவது வெற்றி பெற்றால் மட்டும் அடுத்தது என்று `&&` போட்டு இருக்கட்டும்.

ஓடியதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

பிழை வந்தால் மெயில் அனுப்பு என்று அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: வேலை தொடங்கவே இல்லை என்றால் யார் மெயில் அனுப்புவார்கள்? சர்வர் அணைந்திருந்தால், கிரான்டேப் அழிந்திருந்தால், மெயில் போகும் வழி அடைபட்டிருந்தால் உங்களுக்கு ஒன்றும் வராது. எல்லாம் நன்றாக ஓடும் நாளிலும் ஒன்றும் வராது. இரண்டு மௌனத்துக்கும் வித்தியாசமே தெரியாது.

நிரல் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது இதுதான். ஒரு பொறியாளர் தவறுதலாகப் பிரதான டேட்டாபேஸ் சர்வரில் கோப்புகளை அழித்துவிட்டார். சரி, தினசரி பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், அது வைத்திருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவி 9.2, பதிப்பு ஒத்துப்போகாமல் ஒவ்வொரு ஓட்டமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றபோதெல்லாம் கிரான் மெயில் அனுப்பத்தான் செய்தது, ஆனால் அந்த மெயில்களில் டிமார்க் எனும் சரிபார்ப்பு சரியாக இல்லாததால் பெறும் பக்கம் அவற்றை ஏற்கவில்லை. ஆக, வேலை இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வேறு காரணத்துக்காக ஒருவர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த நகல்தான் கடைசியில் காப்பாற்றியது, அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்த எல்லாவற்றையும் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

அதனால் ஏற்பாட்டைத் திருப்பிப் போடுங்கள். தோற்றால் கத்து என்று வேலையிடம் சொல்வதற்குப் பதில், முடிந்ததும் வெளியே இருக்கும் ஒருவரிடம் "முடித்தேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் எதிர்பார்த்த நேரத்துக்குள் அது வராவிட்டால் அவர் கத்தட்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதைத்தான் செய்கின்றன. ஒரு முகவரி தருவார்கள், உங்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரி அந்த முகவரியைத் தட்டும். தினமும் ஒரு முறை, அரை மணி நேரம் சலுகை என்று குறித்துவிட்டால், தட்டல் வராத நாளில் உங்கள் போனுக்குச் செய்தி வரும். சர்வரே எரிந்து போனாலும் வரும், ஏனென்றால் கவனிப்பவர் அந்தச் சர்வரில் இல்லை.

தட்டும் வரியை மட்டும் சரியான இடத்தில் வையுங்கள். வேலை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்த் தட்டிவிடும்படி எழுதினால் இத்தனையும் வீண். பேக்கப் என்றால் தட்டும் முன் கோப்பின் அளவையும் பாருங்கள்: நேற்று 2 ஜிபி, இன்று 20 பைட் என்றால் அது முடிந்ததாகக் கணக்கில்லை. மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, கடைசி நாளின் ஒரு பில்லைத் தேடிப் பாருங்கள். அந்தப் பில் கண்ணில் பட்டால்தான் உங்களிடம் பேக்கப் இருக்கிறது.

கிரான் எப்போது போதாமல் போகும்? ஏர்ஃப்ளோ தேவையா?

பத்துப் பதினைந்து வேலைகள் ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கும்போது, நடுவில் ஒன்று தோற்றால் அங்கிருந்து மட்டும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்போது, கடந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து மறுபடி கணக்கு எடுக்க வேண்டியிருக்கும்போது ஏர்ஃப்ளோ போன்றதற்குப் போங்கள். வேலைகளை ஒன்றோடொன்று கோர்த்து ஓட்டும் கருவி அது; ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014இல் தொடங்கி, பிறகு அப்பாச்சி அமைப்பின் திட்டமானது. அதன் 3ஆம் பதிப்புக்கு முந்தையவற்றில் எல்லோரையும் முதல் வாரத்தில் குழப்புவது ஒன்று உண்டு: 14ஆம் தேதிக்கான தினசரி ஓட்டம் 14ஆம் தேதி முடிந்த பிறகுதான் ஓடும், அந்த நாளின் தரவு முழுதாக வந்த பிறகு என்ற கணக்கில். இன்னொன்று, தொடக்கத் தேதியைப் போன வருடத்தில் வைத்து, கேட்சப் என்ற அமைப்பையும் திறந்து வைத்தால், விடுபட்ட நாள்களுக்கெல்லாம் ஓட்டங்கள் வரிசை கட்டி நிற்கும்.

மூன்று வேலைக்காக ஏர்ஃப்ளோ நிறுவாதீர்கள். அதைப் பராமரிப்பதே நாலாவது வேலையாகிவிடும்.

ஒரே ஒரு முறை, நாளை மாலை 5 மணிக்கு மட்டும் ஓட வேண்டும்.

லினக்ஸில் ஆட் என்ற கட்டளை. கிரானில் போட்டால் அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடி ஓடும்.

கிரான்டேப் முழுவதும் காணாமல் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பேக்கப் இல்லை என்றால் கஷ்டம்தான். கிரான்டேப்பைத் திருத்தும் ஆப்ஷன் ஆங்கில இ எழுத்து, மொத்தமாக அழிக்கும் ஆப்ஷன் ஆர் எழுத்து, இரண்டும் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துச் சாவி. விரல் நழுவினால் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அழித்துவிடும். கணினியின் லாகில் கிரான் ஓட்டிய கட்டளைகள் நேரத்தோடு பதிவாகியிருக்கும், அதை வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதலாம், மாதம் ஒரு முறை ஓடுபவை மட்டும் பழைய லாகில் தேட வேண்டியிருக்கும். இப்போதே ஒரு வேலை செய்யுங்கள்: கிரான்டேப்பைப் பட்டியலிடும் ஆப்ஷனின் வெளியீட்டைத் தினமும் ஒரு கோப்பில் சேமிக்கும் வரியை அந்தக் கிரான்டேப்பிலேயே சேருங்கள். அந்தக் கோப்பு இரவு பேக்கப்போடு வேறு கணினிக்குப் போகட்டும். பட்டியல் காலியாக இருந்தால் பழைய கோப்பின் மேல் எழுதக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரு வேலையைச் சில நாள் மட்டும் நிறுத்தி வைக்க?

வரியின் முன்னால் `#` போடுங்கள், அழிக்காதீர்கள். அதற்கு மேல் வரியில் இன்னொரு `#` போட்டு, எந்தத் தேதியில், எதற்காக, யார் சொல்லி நிறுத்தினீர்கள், எப்போது மறுபடி திறக்க வேண்டும் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். அப்புறம், ஹெல்த்செக்ஸ் பக்கம் போய் அந்த வேலையின் கண்காணிப்பையும் தற்காலிகமாக நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நாளை விடிகாலையில் உங்கள் போன் அடிக்கும்.